ஞாயிறு மாலையிலிருந்து பின்னோக்கி: கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து செப்பாங் பந்தயத்துக்குப் போவது எப்படி

வெளிநாட்டுக்குப் போய் மோட்டார் பந்தயம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது டிக்கெட் எவ்வளவு என்றுதான். அதைப் பிறகு பார்க்கலாம். பந்தயம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எங்கே நிற்பீர்கள், அன்று இரவு எங்கே படுப்பீர்கள் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் விமானம், அறை, லீவு, பணம் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி வரும். முன்னாலிருந்து ஆரம்பித்தால் கடைசி நாளில் இடிக்கும்.

எனக்கு இடித்தது. 2024-ல் நானும் என் மச்சானும் மலேசியாவின் செப்பாங்குக்கு மோட்டோஜிபி என்ற உலக சாம்பியன்ஷிப் பைக் பந்தயம் பார்க்கப் போனோம். அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. பந்தயத்தின் முதல் பயிற்சி மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, மத்தியானம் வீட்டில் கறிச்சோறு சாப்பிட்டு, தெருவில் பட்டாசுப் புகை அடங்கும் முன்பே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். திங்கட்கிழமை ஓசூரில் வேலைக்கு நிற்க வேண்டும் என்பதால் ஞாயிறு இரவு விமானத்திலேயே திரும்ப டிக்கெட் போட்டிருந்தோம். பந்தயம் பிற்பகல் மூன்று மணிக்கு. முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அங்கிருந்து விமான நிலையம் பதினைந்து நிமிடத் தூரம். தாளில் எழுதிப் பார்த்தபோது நேரம் தாராளமாகத்தான் இருந்தது.

பந்தயம் தொடங்கிய முதல் சுற்றிலேயே, இரண்டாவது வளைவில், ஜாக் மில்லர், ஃபேபியோ குவார்ட்டராரோ, பிராட் பிண்டர் என்ற மூன்று ஓட்டுநர்களும் மோதி விழுந்தார்கள். சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் உட்கார்ந்திருந்த ஸ்டாண்ட் அந்தப் பக்கம்தான். அத்தனை கூட்டத்திலும் ஒரு சத்தமில்லை. மில்லருக்குப் பெரிய ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. மறுபடி தொடங்கியபோது பிரான்செஸ்கோ பான்யாயாவும் ஹோர்ஹே மார்ட்டினும் முதல் சில சுற்றுகளில் மாறி மாறி முந்திக்கொண்டதை இரண்டு கண்ணாலும் பார்த்தேன். சாகும்வரை மறக்காது. ஆனால் பான்யாயா ஜெயித்து மேடை ஏறியபோது நாங்கள் அங்கே இல்லை. வெளியே வண்டி தேடி நடந்துகொண்டிருந்தோம். செயலியில் வண்டி கிடைக்கவில்லை, கிடைத்த வண்டி நெரிசலில் நகரவில்லை. விமானக் கவுண்டர் மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஓடிப் போய்ச் சேர்ந்தோம். மேடையைப் பார்க்காமல் வந்தது இன்றைக்கும் மனதில் இருக்கிறது. அந்த மாலை உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எந்தப் பந்தயம்

நம் பக்கத்து ஆட்கள் பைக் ஆட்கள். ஓசூரில் அப்பாச்சி உருவாகும் ஊர்க்காரர்களுக்கு முதல் வெளிநாட்டுப் பந்தயம் மோட்டோஜிபியாக இருப்பது இயல்பு. அதற்குச் செப்பாங்கைவிட வசதியான இடம் எனக்குத் தெரியவில்லை. பெங்களூரிலிருந்து நேரடி விமானத்தில் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல், விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே மைதானம், தமிழ் பேசிச் சமாளிக்கக்கூடிய நாடு, சாப்பாட்டுக்குத் திண்டாட்டமில்லை.

கார் பந்தயம்தான் வேண்டும் என்றால் சிங்கப்பூர் ஃபார்முலா ஒன். 2008 முதல் இரவில், நகரத்துத் தெருக்களில் நடக்கிறது. எம்ஆர்டி ரயிலில் இறங்கி நடந்தே வாசலுக்குப் போகலாம் என்பதால் நான் சொன்ன ஞாயிறு மாலைப் பிரச்சினை அங்கே ரொம்பக் குறைவு. ஆனால் டிக்கெட்டும் அறையும் செப்பாங்கைப்போல் பல மடங்கு. இந்தியர்களுக்கு விசாவும் வேண்டும். அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்த பிறகு துபாயைப் பற்றிக் கேட்கிறவர்களும் அதிகம். அந்த மாதிரி நெடும்பந்தயம் தனி அனுபவம்தான். இருந்தாலும் 24 மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பதை முதல் பயணமாக வைத்துக்கொள்ள நான் சொல்ல மாட்டேன்.

இன்னொரு யோசனை. செலவு செய்யும் முன் இருங்காட்டுக்கோட்டைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி, 1990-லிருந்து இயங்கும் பந்தயத் தடம் இருக்கிறது. தேசிய சாம்பியன்ஷிப் பந்தயங்கள் அங்கே நடக்கும். நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்து, வண்டிகள் கண்முன் வந்து மறைவதைப் பார்ப்பது உங்களுக்குப் பிடிக்கிறதா என்று பஸ் காசிலேயே தெரிந்துவிடும். டிவியில் ரசிப்பவர்கள் எல்லோருக்கும் நேரில் பிடித்துவிடும் என்று சொல்ல முடியாது.

தேதி

மோட்டோஜிபி அட்டவணை முந்தைய வருடத்தின் நடுவிலோ பிற்பகுதியிலோ வெளியாகிவிடும். செப்பாங் சுற்று சமீப வருடங்களில் அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ வருகிறது, அதாவது தீபாவளியை ஒட்டி. இது நமக்கு நல்லதும் கெட்டதும். போனஸ் கையில் இருக்கும், கம்பெனியில் லீவும் சேர்ந்து வரும். அதே நேரம் விமானக் கட்டணம் ஏறும், வீட்டில் பண்டிகைக்கு ஆள் இல்லை என்ற பேச்சும் வரும். 2025-ல் தீபாவளிக்கும் பந்தயத்துக்கும் நடுவே சில நாள் இடைவெளி இருந்தது. 2024 மாதிரி அடுத்தடுத்த நாள் வந்தால் வீட்டில் முன்கூட்டியே பேசி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

அட்டவணையில் பெயர் வந்துவிட்டால் பந்தயம் நிச்சயம் என்று நம்பிவிடாதீர்கள். 2024 அட்டவணையில் இந்தியாவும் இருந்தது, கஜகஸ்தானும் இருந்தது. கஜகஸ்தான் வெள்ளத்தால் தள்ளிப்போய், இந்தியச் சுற்று இருந்த செப்டம்பர் தேதிக்கு வந்தது. கடைசியில் இரண்டுமே நடக்காமல் அந்த வாரம் இத்தாலியின் மிசானோவில் இரண்டாவது பந்தயம் நடந்தது. செப்பாங்கே 2020, 2021 இரண்டு வருடமும் கொரோனாவால் ரத்தானது. அதனால் அறையை மட்டுமாவது பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் பதிவு செய்யுங்கள்.

பாஸ்போர்ட்டும் பெயரும்

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் பந்தயத்துக்கு ஆறு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பித்து, பணம் கட்டி, நேரம் எடுத்துக்கொண்டு மையத்துக்குப் போய் வந்தால், பிறகு போலீஸ் விசாரணைக்கு உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வரும். பெரியவர்களுக்கான 36 பக்கப் புத்தகம் 10 வருடம் செல்லும், சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். ஏற்கெனவே பாஸ்போர்ட் இருந்தால் உள்ளே நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

நம் ஆட்களுக்கு உண்மையான சிக்கல் இனிஷியல். ஆதாரில் ஓர் எழுத்து, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இன்னொரு விதம், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கும். விமான டிக்கெட், பந்தய டிக்கெட், அறை எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் டிக்கெட் எடுக்கும் முன்பே அந்த விமான நிறுவனம் ஒற்றைப் பெயரை எப்படிப் பதியச் சொல்கிறது என்று படித்துவிடுங்கள். துபாய்க்குப் போக நினைத்தால் இன்னும் கவனம் தேவை. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 கடைசியிலிருந்து கட்டுப்பாடு வைத்திருக்கிறது.

பத்தாவது முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியகல்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். மலேசியா அந்தப் பட்டியலில் உள்ள நாடு. வேலைக்குப் போனால்தான் அந்த அனுமதி வேண்டும், சுற்றுலாவுக்கு வேண்டாம். ஆனாலும் அப்படிப்பட்ட பாஸ்போர்ட்டைப் பார்த்தால் விமான நிலையத்தில் கேள்வி கூடுதலாக வரும். திரும்பும் டிக்கெட்டும் பந்தய டிக்கெட்டும் அச்செடுத்துக் கையில் இருக்கட்டும்.

மலேசியாவுக்கு இப்போது விசா வேண்டாம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம் என்று அறிவித்து, அதை 2026 கடைசி வரை நீட்டித்திருக்கிறார்கள். டிக்கெட் எடுக்கும் வாரத்தில் இது தொடர்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இதோடு டிஜிட்டல் வருகை அட்டை ஒன்று உண்டு. இறங்கும் நாளுக்கு மூன்று நாளுக்குள் மலேசியக் குடிவரவுத் துறையின் தளத்தில் நிரப்ப வேண்டும். இலவசம். பணம் கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள்.

உட்காரும் இடம்

இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும். டிவியில் நீங்கள் முழுத் தடத்தையும் பார்க்கிறீர்கள். நேரில் ஒன்றிரண்டு வளைவுகள்தான் உங்களுக்குச் சொந்தம். ஆகவே டிக்கெட் வாங்குவது என்றால் எந்த வளைவோடு மூன்று நாள் வாழப் போகிறீர்கள் என்று முடிவு செய்வது.

செப்பாங் தடம் 1999-ல் திறக்கப்பட்டது. 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். இரண்டு நீளமான நேர்பாதைகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. அவை இரண்டுக்கும் நடுவே மெயின் கிராண்ட்ஸ்டாண்ட் இருக்கிறது. ஒரு நேர்பாதையின் முடிவில் 15ஆம் வளைவு கொண்டை ஊசிபோல் திரும்பி அடுத்த நேர்பாதையில் விடும். அதனால் மெயின் ஸ்டாண்டில் இருப்பவர்களுக்கு அணிகளின் கொட்டகை, தொடக்க வரிசை, கடைசி வளைவில் நடக்கும் கடைசி முயற்சி, பரிசு மேடை எல்லாம் கிடைக்கும். கூரையும் உண்டு. முழுப் பந்தய வாரத்தின் நடப்பையும் புரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு இது.

நான் எடுத்தது கே1 ஸ்டாண்ட், முதல் வளைவு. முன்னூறு கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வருகிற வண்டிகள் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நேர்பாதையின் முடிவில் மொத்தமாகப் பிரேக் பிடித்து, பின் சக்கரம் தரையில் நிற்காமல் ஆட, மெதுவான வலது வளைவுக்குள் விழும். உடனே இடப்பக்கம் இரண்டாவது வளைவு. முதல் வளைவில் உள்ளே புகுந்தவர் இரண்டாவதில் வெளியே தள்ளப்படுவார், முந்தினவர் முந்தப்படுவார். 2024 ஞாயிற்றுக்கிழமை பான்யாயா, மார்ட்டின் சண்டையின் பெரும் பகுதி இந்த இரண்டு வளைவில்தான் நடந்தது. முந்துவதைப் பார்க்கத்தான் போகிறேன் என்பவர்கள் இங்கே உட்காருங்கள். ஆனால் முந்தின நாள் ஸ்பிரிண்ட் என்ற குறும்பந்தயத்தில் பான்யாயா விழுந்தது ஒன்பதாவது வளைவில். சாம்பியன்ஷிப்பையே திருப்பிய அந்த நொடியை நான் பெரிய திரையில்தான் பார்த்தேன். 2015-ல் ரோஸ்ஸி, மார்க்வெஸ் என்ற இரண்டு ஓட்டுநர்களுக்கும் நடந்த அந்தப் பிரபலமான மோதல் 14ஆம் வளைவில். எங்கே உட்கார்ந்தாலும் ஏதாவது ஒன்று கண்ணில் படாமல்தான் போகும்.

புல்மேட்டு இடங்கள் மலிவு. கூரை கிடையாது. செப்பாங்கில் பிற்பகலில் மழை வருவது சர்வ சாதாரணம். 2009-ல் அங்கே நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தையே மழை பாதியில் நிறுத்தி, பாதிப் புள்ளிதான் கொடுத்தார்கள். வயது இருபதுகளில் இருந்து, நண்பர்கள் ஐந்தாறு பேராகப் போனால் மேட்டில் உட்காருங்கள், கொண்டாட்டம் அங்கேதான். அப்பா அம்மாவையோ குழந்தையையோ கூட்டிப்போனால் கூரைக்குப் பணம் கொடுங்கள்.

டிக்கெட்டை மைதானத்தின் சொந்தத் தளத்தில் எடுப்பது நல்லது. சில மாதங்கள் முன்பே எடுப்பவர்களுக்கு விலை குறைத்துத் தருவது அவர்கள் வழக்கம். தெரிந்தவர் மூலம், குழுவில் விற்கிறார்கள் என்று அரைவிலை டிக்கெட் யாராவது காட்டினால் பணம் அனுப்பாதீர்கள்.

விமானம், அறை

இப்போது ஞாயிறு மாலைக்கு வருவோம். திரும்பும் விமானம் திங்கட்கிழமை. முடிந்தால் திங்கள் மாலை. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள், ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை. சிவப்புக் கொடி வரும், மழை வரும், பந்தயம் தள்ளும். மழை பெய்யாவிட்டாலும் நெரிசல் வரும்.

அப்படியென்றால் ஞாயிறு இரவு அங்கே ஓர் அறை வேண்டும். நான் இனிமேல் போனால் வெள்ளி முதல் ஞாயிறு இரவு வரை மூன்று இரவும் மைதானத்தின் பக்கத்திலேயே, சாலாக் திங்கி அல்லது நீலாய்ப் பக்கம் தங்குவேன். கோலாலம்பூர் நகரத்தில் தங்கினால் சாப்பாடும் கடைவீதியும் நன்றாக இருக்கும். கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்துப் பக்கத்துப் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடே கிடைக்கும். ஆனால் தினமும் காலையும் மாலையும் நெடுந்தூரம் போய்வர வேண்டும். விமான நிலையத்திலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு விரைவு ரயில் அரை மணி நேரம்தான். சிக்கல் மைதானத்துக்கும் விமான நிலையத்துக்கும் நடுவே உள்ள அந்தக் கடைசித் துண்டில் வரும். பந்தய நாட்களில் ஷட்டில் பஸ் விடுவார்கள். எங்கிருந்து, எத்தனை மணி வரை என்பதை அந்த வருட அறிவிப்பில் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செயலியில் கூப்பிடும் கிராப் வண்டியைக் காலையில் நம்பலாம், ஞாயிறு மாலையில் நம்ப வேண்டாம்.

விலை குறைந்த விமானங்களில் பெரும்பாலும் 7 கிலோ கைப்பை மட்டும்தான் டிக்கெட்டில் அடங்கும். மூன்று நாலு நாள் பயணத்துக்கு அதுவே போதும். ஊருக்கு வாங்கிவரும் டி-ஷர்ட், தொப்பிக்குத் திரும்பும் வழியில் மட்டும் லக்கேஜ் சேர்த்துக்கொள்ளலாம்.

பணம்

செலவைப் பற்றிச் சொன்னால், 2024-ல் எங்கள் இருவருக்கும் ஆளுக்கு அறுபதாயிரத்துக்குள் முடிந்தது. பாதிக்கு மேல் விமானத்துக்கும் அறைக்கும். வெளிநாட்டுப் பணம் ஏற்றி வைத்துக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டு ஒன்று, கொஞ்சம் ரிங்கிட் ரொக்கம், அவசரத்துக்கு வெளிநாட்டுப் பயன்பாடு திறந்துவிட்ட வங்கி கார்டு ஒன்று, இந்த மூன்றும் போதும். ஏஜென்டிடம் மொத்தப் பேக்கேஜாக எடுத்தால் வரி பிடிப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில் வரவாகும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பயணக் காப்பீடு கட்டாயம் எடுங்கள்.

ஊரிலிருந்து தேவனஹள்ளி வரை

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் என்று நாம் எப்போதும் சொல்வோம். விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே, தேவனஹள்ளியில். நாம் வருவதோ தெற்கிலிருந்து. அத்திப்பள்ளி டோல், எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு என்று நகரம் முழுவதையும் கடந்தாக வேண்டும். தர்மபுரியிலிருந்து வருபவர்கள் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு அங்கே இருக்க வேண்டும் என்றால், கிருஷ்ணகிரியில் ஏழு மணி நேரம் முன்பே வண்டி ஏறுவது என் கணக்கு. சொந்த வண்டி வைத்துப் போகிறவர்கள் ஓசூரிலிருந்து பாகலூர், மாலூர், ஹோஸ்கோட்டை வழியாகச் சுற்றினால் நகரத்து நெரிசலுக்குள் போகாமல் தப்பிக்கலாம். பஸ்ஸில் வருபவர்கள் எலக்ட்ரானிக் சிட்டியில் இறங்கினால் அங்கிருந்து விமான நிலையத்துக்கு வாயு வஜ்ரா பஸ் இருக்கிறது. வெளிநாட்டு விமானங்கள் இரண்டாவது முனையத்தில்.

குடியேற்ற அதிகாரி கேட்கும் கேள்விகளுக்குப் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் தயாராக இருங்கள். நம் மாவட்டங்களிலிருந்து சுற்றுலா என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அதனால் புதுப் பாஸ்போர்ட்டோடு தனியாக வருகிற இளைஞனை இரண்டு பக்கத்திலும் கேட்கத்தான் செய்வார்கள். எங்களைக் கேட்டபோது மச்சான் பந்தய டிக்கெட்டை எடுத்து நீட்டினார்.

“வேலை என்ன செய்றீங்க?”

“ஓசூர்ல கம்பெனி சார். பைக் பந்தயம் பார்க்கப் போறோம்.”

திரும்பும் டிக்கெட், அறைப் பதிவு, கம்பெனி அடையாள அட்டை மூன்றையும் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். எல்லாவற்றையும் தாளில் வைத்திருங்கள். போனில் இருக்கிறது என்றால் அந்த நேரம் பார்த்துத்தான் சார்ஜ் தீரும்.

ஊரில் யாராவது, அங்கே இருக்கிற என் தம்பிக்கு இதைக் கொடுத்துவிடுங்கள் என்று பொட்டலம் நீட்டினால் வாங்காதீர்கள், எவ்வளவு நெருங்கினவராக இருந்தாலும். மலேசியாவின் போதைப்பொருள் சட்டம் மிகக் கடுமையானது. உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது என்பது அங்கே பதிலாகாது. சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போகிறவர்கள் வீட்டு மசாலாப் பொடியில் கசகசா இல்லை என்று அம்மாவிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள்.

மூன்று நாள்

பெரும்பாலானவர்கள் ஞாயிறு மட்டும் போனால் போதும் என்று நினைக்கிறார்கள். வெள்ளிக்கிழமையை விடாதீர்கள். கூட்டம் குறைவு, வழி பழகும், கழிப்பறையும் தண்ணீரும் எங்கே என்று தெரியும், ஞாயிறன்று வெளியே போகும் வாசலை நடந்து பார்த்துவிடலாம். சிறிய எஞ்சின் வகுப்புகளான மோட்டோ3, மோட்டோ2, அவற்றோடு மோட்டோஜிபி, மூன்று வகுப்பும் அன்று பயிற்சி செய்யும். மோட்டோஜிபியின் பிற்பகல் பயிற்சி சும்மா ஓட்டம் கிடையாது. அதில் முதல் பத்து இடம் பிடிப்பவர்கள்தான் தொடக்க வரிசையை முடிவு செய்யும் தகுதிச்சுற்றின் இரண்டாம் கட்டத்துக்கு நேராகப் போவார்கள். கடைசிப் பத்து நிமிடம் ஒவ்வொருவரும் உயிரைக் கொடுத்து ஓட்டுவதைப் பாருங்கள்.

சனிக்கிழமை காலை தகுதிச்சுற்று, பிற்பகல் ஸ்பிரிண்ட். 2023 முதல் வந்த இந்தக் குறும்பந்தயம் பாதித் தூரம்தான், செப்பாங்கில் பத்துச் சுற்று. ஜெயித்தால் 12 புள்ளி, ஞாயிறு பந்தயத்துக்கு 25. ஞாயிறன்று மோட்டோ3, மோட்டோ2 முடிந்து, மோட்டோஜிபி அங்கே மூன்று மணிக்குத் தொடங்கினால் நம் ஊரில் பன்னிரண்டரை.

சத்தத்தைப் பற்றி யார் சொல்லியும் எனக்குப் புரியவில்லை, நேரில் கேட்டதும் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. 1000 சிசி எஞ்சின்கள் 20-க்கு மேல் ஒன்றாக நேர்பாதையில் வரும்போது பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. 2027-லிருந்து எஞ்சின் 850 சிசியாகக் குறைகிறது. காது அடைப்பான் மருந்துக் கடையில் வாங்கிப் போங்கள், குழந்தைகளுக்குக் காதை முழுதாக மூடும் வகை வேண்டும். தொப்பி, மழைக்கோட்டு (குடை பின்னால் இருப்பவரை மறைக்கும்), பவர் பேங்க், மாற்றுச் சட்டை, செருப்புக்குப் பதில் நடக்க ஏற்ற ஷூ. அங்கே பிளக் சதுர மூன்று முனை, நம்முடையது சேராது. அடாப்டர் ஒன்று போதும். மோட்டோஜிபியின் செயலியில் நேரக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் வளைவைத் தாண்டிப் போன வண்டி என்ன ஆனது என்று அதிலும் பெரிய திரையிலும்தான் தெரியும், ஆகவே சிம் கார்டை விமான நிலையத்திலேயே வாங்கிவிடுங்கள்.

வெயில் நம் மே மாதத்தைவிடக் கம்மிதான், ஆனால் புழுக்கம் வேறு மாதிரி. தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள்.

செலவு ரொம்ப இடித்தால் செப்பாங்கிலேயே ஆசிய சாலைப் பந்தய சாம்பியன்ஷிப் நடக்கும் வாரத்தைப் பாருங்கள். 2022 முதல் அதோடு, எல்லோரும் ஒரே மாதிரி வண்டியை ஓட்டும் டிவிஎஸ் ஒன் மேக் பந்தயமும் நடக்கிறது. ஓசூரில் உருவான ஆர்ஆர் 310-ஐப் பல நாட்டு ஓட்டுநர்கள் அங்கே ஓட்டுகிறார்கள். கூட்டம் குறைவு, அறை மலிவு. எங்கள் லைனில் வேலை செய்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஞாயிறு மாலையும் திங்களும்

பந்தயம் முடிந்து கொடி விழுந்ததும் எழுந்திருக்காதீர்கள். மேடையைப் பாருங்கள், கீதத்தைக் கேளுங்கள். ஜெயித்தவர் சுற்றி வந்து கை அசைக்கும்போது எல்லோரும் வாசலுக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். அந்த முதல் ஒன்றரை மணி நேர நெரிசலில் நீங்கள் கலந்துகொள்ள வேண்டியதில்லை. கையில் இருக்கும் பிஸ்கட்டைச் சாப்பிட்டுக்கொண்டு காத்திருந்து, கூட்டம் கரைந்ததும் ஷட்டிலுக்கோ முன்பே பேசி வைத்த வண்டிக்கோ நடங்கள். இரவு சாப்பாட்டுக்கு அறைப் பக்கத்தில் மாமாக் கடை ஒன்று திறந்திருக்கும், பரோட்டா மாதிரியான ரொட்டி சனாயும் ஆற்றிய பால் டீயான தே தாரிக்கும் கிடைக்கும்.

திங்கள் காலை நேரம் இருந்தால் பத்துமலை முருகனைப் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் அது நகரத்துக்கு அந்தப் பக்கம், விமான நிலையம் இந்தப் பக்கம். மாலை விமானமாக இருந்தால் மட்டும் போங்கள்.

பெங்களூரில் இறங்கும்போது பெரும்பாலும் இரவாகிவிடும். விமான நிலையத்தில் நிறுத்திவிட்டுப் போன காரை எடுத்துக்கொண்டு தூக்கக் கண்ணோடு நெடுஞ்சாலையில் ஓட்ட வேண்டாம். மூன்று நாள் பந்தயம் பார்த்தவன் கால் ஆக்ஸிலேட்டரில் சும்மா இருக்காது. தூங்கி எழுந்த ஆள் ஒருவரை அழைக்க வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் வாயு வஜ்ராவில் எலக்ட்ரானிக் சிட்டி வந்து ஓசூர் வழியாகக் கிருஷ்ணகிரி போகும் பஸ் பிடியுங்கள். விடியற்காலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கிருஷ்ணகிரி வரும்வரை நன்றாகத் தூங்கலாம்.